வாங்குபவர் ஒருவரே என்றால்: இரும்புத் தாது முதல் நீலகிரிக் கொழுந்து வரை

2017 டிசம்பரில் இலங்கையிலிருந்து வந்த தேயிலைச் சரக்கு ஒன்றில் கப்ரா வண்டு இருந்ததாக ரஷ்யா அறிவித்தது. கோதுமை, பருப்பு மூட்டைகளில் பெருகும் பூச்சி அது. டிசம்பர் 18 முதல் இலங்கைத் தேயிலை மொத்தத்துக்கும் தடை விழுந்தது. அந்தச் சமயத்தில் கொழும்பு அரசிடம் வேறொரு முடிவு தயாராக இருந்தது: கூரைத் தகடு செய்யப் பயன்படும் ஆஸ்பெஸ்டாஸ் இறக்குமதியை 2018 ஜனவரி 1 முதல் கட்டுப்படுத்துவது. உலகத்தில் ஆஸ்பெஸ்டாஸை அதிகம் வெட்டியெடுக்கும் நாடு ரஷ்யா. சில நாட்களுக்குள் இலங்கை அந்த முடிவைத் தள்ளிவைத்தது. டிசம்பர் முடிவதற்குள் தேயிலைத் தடையும் நீங்கியது.

வண்டு எங்கே, கூரைத் தகடு எங்கே என்று வெளியூர்க்காரர்களுக்குத் தோன்றலாம். நீலகிரியில் இருப்பவர்களுக்கு இதில் வியப்பில்லை. இந்த மாவட்டத்தில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமான சிறு தேயிலை விவசாயிகள் இருக்கிறார்கள். அவர்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், இதே ரஷ்ய வாடிக்கையாளர் அள்ளி அள்ளி வாங்கிய காலத்தையும் பார்த்தவர்கள், கையை உதறிவிட்டுப் போன காலத்தையும் பார்த்தவர்கள்.

நிலத்தில் விளைவதையோ நிலத்துக்கடியில் கிடைப்பதையோ விற்கும் நாட்டுக்கும், அதை அதிகம் வாங்கும் நாட்டுக்கும் மனக்கசப்பு வந்தால் யார் பணிய வேண்டியிருக்கும்? பெரிய வாடிக்கையாளர் வைத்ததுதான் சட்டம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதிதான் சரி. வாங்குபவர் எவ்வளவு பெரியவர் என்பதைவிட, அதே சரக்கு அடுத்த மாதமே அவருக்கு வேறு எங்காவது கிடைக்குமா என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. இன்னொன்றும் உண்டு. வாடிக்கையாளர் விலகும் நாளில் கண்ணுக்குத் தெரியும் நட்டம், அவர் தாராளமாக வாங்கிக்கொண்டிருந்த வருடங்களிலேயே வேர்விட்டது. நீலகிரியில் நடந்ததைப் பார்த்தால் இந்த இரண்டாவது விஷயம் நன்றாகவே விளங்கும். முதலாவதை விளங்கிக்கொள்ள ஆஸ்திரேலியா வரை போய்வர வேண்டும்.

ஒரே வாடிக்கையாளர், வேறு வேறு சரக்கு

2020 ஏப்ரலில், கொரோனா கிருமி எங்கிருந்து பரவியது என்று சுதந்திரமான விசாரணை வேண்டுமென ஆஸ்திரேலிய அரசு கேட்டது. சீனா ஆஸ்திரேலியாவின் மிகப் பெரிய வாடிக்கையாளர். அந்நாட்டு ஏற்றுமதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அப்போது சீனாவுக்குத்தான் போனது. மே மாதம் நான்கு இறைச்சிக்கூடங்களிலிருந்து வரும் மாட்டிறைச்சியைச் சீனா நிறுத்தியது. அதே மாதம் ஆஸ்திரேலிய பார்லிக்கு 80.5 சதவீதம் வரி போட்டது. அடக்க விலைக்கும் கீழே விற்றார்கள் என்று அதில் 73.6, அரசு மானியம் பெற்றார்கள் என்று 6.9. அடுத்து ஒயின்: 2021 மார்ச்சில் உறுதிசெய்த வரி 116 முதல் 218 சதவீதம் வரை. நிலக்கரிக்கு அறிவிக்கப்பட்ட தடை ஒன்றுமில்லை. துறைமுகத்தில் சரக்கை இறக்க அனுமதி வரவில்லை, அவ்வளவுதான். மாலுமிகளோடு கப்பல்கள் மாதக்கணக்கில் கடலில் நின்றன.

ஒவ்வொன்றுக்கும் காகிதத்தில் ஒரு காரணம் இருந்தது. லேபிளில் குறை, சுகாதாரக் குறை, விலைக் குறைப்பு. உலக வர்த்தக அமைப்பில் முறையிடலாம், ஆஸ்திரேலியாவும் முறையிட்டது. ஆனால் வழக்கு நடக்கும் வருடங்களில் அறுவடை காத்திருக்காது. பார்லி வரி 2023 ஆகஸ்டில்தான் நீங்கியது. ஒயின் வரி 2024 மார்ச்சில்.

இவ்வளவு நடந்தும் இரும்புத் தாதுவைச் சீனா தொடவில்லை. தான் இறக்குமதி செய்யும் தாதுவில் ஏறக்குறைய 60 சதவீதத்தை அது ஆஸ்திரேலியாவிலிருந்து வாங்குகிறது. அடுத்த பெரிய நாடு பிரேசில். 2019-ல் அங்கே புருமாடின்யோவில் சுரங்கக் கழிவு அணை உடைந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தபின் பிரேசிலின் உற்பத்தி குறைந்திருந்தது. ஆக, ஆஸ்திரேலியத் தாதுவை நிறுத்தினால் சீன உருக்காலைகள்தான் அணையும். மற்ற சரக்குகளுக்கு வரிமேல் வரி விழுந்துகொண்டிருந்தபோதே, 2021 மே மாதம் தாது விலை டன்னுக்கு 200 டாலரைத் தாண்டியது. சண்டை போட்ட நாட்டுக்கே சீனா வரலாறு காணாத விலை கொடுத்தது.

பிறகு சீனா பொறுமையாக வேறு வழி தேடியது. உருக்காலைகள் தனித்தனியாகப் பேரம் பேசுவதை மாற்ற, 2022-ல் தாதுவை மொத்தமாக வாங்க ஒரு அரசு நிறுவனத்தைத் தொடங்கியது. ஆப்பிரிக்காவின் கினியாவில் சிமாண்டூ மலையிலுள்ள தாதுவை எடுக்க 600 கிலோமீட்டருக்கு மேல் ரயில்பாதையும் துறைமுகமும் போட்டதில் சீன நிறுவனங்களுக்குப் பெரும் பங்கு. 2025 இறுதியில் அங்கிருந்து ஏற்றுமதி தொடங்கியது. பெரிய வாடிக்கையாளர் இன்று பணிந்து போகிறார் என்றால், நாளைக்கு வேறு கடை திறக்கும் வேலையில் இறங்கிவிட்டார் என்று பொருள்.

அடிபட்ட சரக்குகளுக்குள்ளும் ஒரு வேறுபாடு உண்டு. நீலகிரிக்கு முக்கியமானது அதுதான். பார்லி ஒரு பருவப் பயிர். சீனா வாங்காத பார்லி விலை குறைந்து சவூதி அரேபியா போன்ற நாடுகளுக்குப் போனது. அடுத்த விதைப்பில் விவசாயி கோதுமைக்கோ கடுகு வகைக்கோ மாறிக்கொண்டார். திராட்சைத் தோட்டக்காரர் அப்படி மாற முடியாது. கொடி நட்டால் பல பத்தாண்டுகள் நிற்கும். சீனர்களின் நாக்குக்காகவே நட்ட சிவப்புத் திராட்சை, தொட்டிகளில் விற்காத ஒயினாகத் தேங்கியது. தேயிலை இந்த இரண்டாவது வகை. சொல்லப்போனால், அதைவிடவும் இக்கட்டானது.

கிழங்குக் காட்டில் தேயிலை

நீலகிரியின் சிறு விவசாயி ஆதியிலிருந்தே தேயிலைக்காரர் அல்ல. உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ் போட்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பியவர். 1961-ல் ஊட்டிப் பகுதியில் உருளைக்கிழங்கு வேரில் நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. மண்ணில் ஒருமுறை புகுந்தால் வருடக்கணக்கில் முட்டைக்கூடாகக் கிடக்கும் புழு. விதைக்கிழங்கை வெளியே அனுப்பக் கட்டுப்பாடு வந்தது, மகசூல் விழுந்தது, விலையும் நிலையாக இல்லை. அந்த இடைவெளியில்தான் தேயிலை நுழைந்தது. 1962-ல் குந்தாவில் தொடங்கி கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் வந்தன, 1965-ல் அவற்றின் இணையமான இன்ட்கோசர்வ் வந்தது. பின்னாளில் விவசாயிகளிடம் இலை வாங்கி அரைக்கும் தனியார் தொழிற்சாலைகள் நூற்றுக்கு மேல் முளைத்தன.

தேயிலைச் செடி நட்டு மூன்று நான்கு வருடம் கழித்துத்தான் வருமானம். அதன்பின் ஐம்பது வருடத்துக்கு மேலும் பறிக்கலாம். கிழங்கு விலை சரிந்தால் அடுத்த போகத்தில் பூண்டு போடலாம். தேயிலை விலை சரிந்தால் செடியைப் பிடுங்குவது, தாத்தா நட்ட மூலதனத்தைப் பிடுங்குவது. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் அதைச் செய்யத் துணிய மாட்டார்.

இந்த மாற்றம் நடந்த காலத்தில் சோவியத் யூனியன்தான் இந்தியத் தேயிலையின் மிகப் பெரிய வாடிக்கையாளர். 1980களின் இறுதியில் இந்தியாவின் தேயிலை ஏற்றுமதியில் பாதிக்கும் மேல் அங்கே போனது. யானைப் படம் போட்ட இந்தியத் தேயிலைப் பொட்டலம் அந்நாட்டு வீடுகளில் மதிப்பான பண்டம். தங்கள் ஜார்ஜியாவில் விளைந்த மட்டமான தேயிலைக்கு நிறமும் சாறும் சேர்க்க இந்தியத் தேயிலையைக் கலந்தார்கள்.

அந்த வாடிக்கையாளர் எப்படிப் பணம் கொடுத்தார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இரு நாட்டு வணிகத்தில் டாலர் புழங்கவில்லை. ஆயுதம், எண்ணெய், இயந்திரம் எல்லாவற்றுக்கும் இந்தியா ரூபாயில் கணக்கு வைத்தது. அந்த ரூபாயை மாஸ்கோ வேறு நாட்டில் செலவழிக்க முடியாது. இந்தியச் சரக்கு வாங்கித்தான் தீர்க்க வேண்டும்: தேயிலை, காபி, புகையிலை, முந்திரி, தோல். கையிலிருக்கும் ரூபாயைச் செலவழித்தே ஆக வேண்டிய ஒருவர் கடைக்கு வந்தால் எப்படி வாங்குவார்? விலையில் கறார் இருக்காது, தரத்தில் கறார் இருக்காது. அளவு கிடைத்தால் போதும்.

நல்ல வருடங்களில் இலைக்கு என்ன நடந்தது

அளவு மட்டும் கேட்கும் வாடிக்கையாளர் தேயிலைத் தூள் விற்கும் ஏலக் கூடத்தில் உட்கார்ந்தால், அந்தச் செய்தி இரண்டு வாரத்தில் தொழிற்சாலைக்கும் மறுநாளே இலை ஏஜென்டுக்கும் அதிலிருந்து விவசாயிக்கும் இறங்கிவிடும். எடை இருந்தால் போதும், இலை எப்படி இருந்தாலும் எடுத்துக்கொள்வோம் என்பதே அந்தச் செய்தி.

நல்ல கொழுந்து என்பது இரண்டு இலையும் ஒரு மொட்டும். மூன்றாவது இலை இளசாக இருந்தால் அதையும் சேர்க்கலாம். தண்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து வளைத்துப் பார்த்தாலே தரம் தெரியும். இளந்தண்டு ‘டக்’கென்று உடையும். முற்றியது உடையாது, வளையும். இழுத்தால் நார் நாராகப் பிரியும். அதைத்தான் இங்கே கரட்டு இலை என்கிறார்கள். நல்ல பருவத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை கையால் பறித்தால் மூட்டையில் பெரும்பகுதி இளங்கொழுந்தாக வரும். பறிப்பை இருபது, இருபத்தைந்து நாளுக்குத் தள்ளிப்போட்டு, பை பொருத்திய கத்தரியால் மட்டமாக வெட்டினால் எடை நிறைய வரும், ஆனால் கரட்டு இலையும் வளர்ச்சி நின்ற மொட்டும் தண்டும் சேர்ந்தே வரும்.

தொழிற்சாலையில் இது எப்படித் தெரிகிறது? பச்சை இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். வாட வைக்கும் தொட்டியில் காற்று செலுத்தி 12 முதல் 16 மணி நேரம் வைத்தால் இளசான இலை துவண்டு கைக்குள் சுருளும். கரட்டு இலை துவளாது. இரண்டையும் ஒரே தொட்டியில் கொட்டினால் ஒன்று அதிகம் வாடும், மற்றது வாடவே வாடாது. பிறகு இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சிடிசி உருளைகளில் அரைக்கும்போது முற்றிய தண்டு பழுப்பு நாராகப் பிரிந்து தூளில் கலக்கும். நாரில் சாறும் இல்லை, நிறமும் இல்லை. தேயிலையில் நார் 16.5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, கொதிநீரில் இறங்கும் சத்து 32 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது சர்வதேசத் தர அளவு. கரட்டு இலை இந்த இரண்டு எல்லைகளையும் நோக்கியே தூளைத் தள்ளுகிறது.

சாலையோரக் கொள்முதல் கூடத்திலும் கெடுதல் நடக்கிறது. இருபது கிலோ பிடிக்கும் பையில் முப்பது கிலோவைக் காலால் மிதித்து அடைத்தால், மாலைக்குள் மூட்டையின் நடுவில் கையை நுழைத்துப் பார்க்க வேண்டும்: வெந்நீரில் விட்டதுபோல் சூடாக இருக்கும். பறித்த பிறகும் இலை மூச்சு விடுகிறது. காற்றில்லாத மூட்டைக்குள் அந்தச் சூடு வெளியேறாது. நடுவிலிருக்கும் இலை சிவந்துவிடும். தொழிற்சாலையில் பதமாக ஒன்றரை மணி நேரத்துக்குள் நடக்க வேண்டிய நொதித்தல், சாக்கிலேயே தாறுமாறாக நடந்து முடிந்துவிட்டது என்று பொருள். அதை எந்த டிரையரும் திருத்தாது.

ஒரு தலைமுறை விவசாயிகளை இதற்காகக் குறை சொல்வது நியாயமல்ல. பறிப்பவருக்கும் அரைப்பவருக்கும் நல்ல இலைக்கென்று தனியாக ஒரு பைசா கிடைக்காத சந்தையில், எடையைப் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். ஆனால் அந்தப் பழக்கத்துக்கேற்பத்தான் தொழிற்சாலைகளும் இயந்திரங்களும் அமைந்தன. தரகரின் நாக்கும் அதற்கே பழகியது. எல்லாம் ஒரே வாடிக்கையாளரின் அளவுக்குத் தைத்த சட்டை.

முட்டுக்கொடுத்த ஏழு வருடம்

1991-ல் சோவியத் யூனியன் கலைந்தது. நீலகிரி அப்போதே விழுந்திருக்க வேண்டும், விழவில்லை. 1993 ஜனவரியில் ரஷ்ய அதிபர் யெல்ட்சின் டெல்லி வந்தபோது பழைய கடனைத் தீர்க்க ஒப்பந்தமானது. ஆயுதங்களுக்காக இந்தியா பாக்கி வைத்த தொகையை வருடா வருடம் ரூபாயில் செலுத்துவது, அந்த ரூபாயில் ரஷ்யா இந்தியச் சரக்கு வாங்குவது. ரஷ்யத் தரப்பு அந்த ரூபாயைத் தன் நாட்டுத் தனியார் இறக்குமதியாளர்களுக்குத் தள்ளுபடியில் விற்றது. நூறு ரூபாயை அதற்கும் குறைவாக வாங்கியவருக்கு இந்தியத் தேயிலை அந்த அளவுக்கு மலிவு. தேயிலை தரத்தில் ஜெயிக்கவில்லை, நாணயத் தள்ளுபடியில் ஜெயித்தது. குன்னூர் ஏலத்தில் விலை ஏறிய அந்த வருடங்களில் மலை முழுக்கப் புதுத் தொழிற்சாலைகள் கட்டப்பட்டன, புல்வெளியும் கிழங்குக் காடும் தேயிலையாயின.

1998 ஆகஸ்டில் ரூபிள் சரிந்தது. டாலருக்கு 6 ரூபிளாக இருந்தது சில வாரங்களில் 20-ஐத் தொட்டது. ரஷ்ய இறக்குமதியாளர் கையில் பணமில்லை. அதற்கு முன் கிலோ பத்து ரூபாய்க்கு மேல் விற்ற பச்சைத் தேயிலை, அதாவது பறித்த இலை, 2000 வாக்கில் நான்கைந்து ரூபாய்க்கு வந்தது. பறிக்கும் கூலிக்கே அது போதாது. கடையடைப்பு, சாலை மறியல் என்று மாவட்டம் கொந்தளித்தது. ரேஷன் கடைகளில் ஊட்டி டீ விற்கும் திட்டம் அந்தக் காலத்தில் பிறந்ததுதான்: வெளியூர் வாடிக்கையாளர் போன இடத்தில் அரசே வாடிக்கையாளராக வந்தது.

அன்று குற்றவாளியாக அதிகம் சுட்டப்பட்டது இலங்கையோடு இந்தியா செய்த தடையற்ற வணிக ஒப்பந்தம். 2000 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. சலுகை வரியில் வருடத்துக்கு 1.5 கோடி கிலோ தேயிலை வரலாம் என்று அனுமதித்தது. உண்மையில் வந்தது அந்த உச்சவரம்புக்கு வெகு கீழே. விலை விழத் தொடங்கியதும் அதற்கு முன்பே. கசப்பான காரணம் வேறு. ரஷ்யர்கள் டீ குடிப்பதை நிறுத்தவில்லை. ரூபிள் தெளிந்து அவர்கள் திரும்பவும் வாங்க வந்தபோது, ரூபாயைச் செலவழிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, பிடித்ததை வாங்கலாம் என்ற நிலை. அவர்கள் அரைக்காமல் உருட்டிச் செய்யும் இலங்கையின் முழு இலைத் தேயிலையையும் கென்யாவின் பளிச்சென்ற சிடிசியையும் எடுத்துக்கொண்டார்கள். போதாததற்கு, பொட்டலத் தேயிலைக்கு அதிக வரியும் மொத்தத் தேயிலைக்குக் குறைந்த வரியும் வைத்து, பொட்டலம் போடும் வேலையையும் அதன் லாபத்தையும் ரஷ்யா தன் நாட்டுக்குள் இழுத்துக்கொண்டது.

இரும்புத் தாதுவோடு ஒப்பிட்டால் நிலைமை தெரியும். ஆஸ்திரேலியத் தாதுவுக்கு மாற்று தேடி ரயில்பாதை போட்டுத் தீர சீனாவுக்கு வருடங்கள் ஆயின. நீலகிரி சிடிசிக்கு மாற்று தேட ரஷ்ய வணிகருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

கணக்கு எப்படி இறங்குகிறது

தேயிலை விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணை 2003-ல் வந்தது. அதன்படி ஏல விலையை விவசாயியும் தொழிற்சாலையும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். முதலில் 60:40, இப்போது 65:35. தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் பச்சைத் தேயிலை விலை இந்த அடிப்படையில் வருகிறது.

உதாரணத்துக்கு ஏலச் சராசரி கிலோ 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நூறு கிலோ இலையில் 25 கிலோ தூள் கிடைத்தால், விவசாயியின் பங்கு 100-ல் 25 சதவீதம், அதில் 65 சதவீதம்: கிலோ இலைக்கு 16.25 ரூபாய். வாடிக்கையாளர் ஒருவர் விலகி ஏலம் 90-க்கு இறங்கினால் 14.62. இதோடு மழை நனைத்த இலையும் நாரும் சேர்ந்து, சலித்துக் கழித்தபின் 25-க்குப் பதில் 22 கிலோ தூள்தான் கிடைத்தால் 12.87. வருடத்துக்கு நாலாயிரம் கிலோ இலை தரும் ஒரு ஏக்கரில் 13,500 ரூபாய் போச்சு. இதில் கவனிக்க வேண்டியது: 100 ரூபாய் ஏலத்தில் மூன்று கிலோ தூள் குறைவதால் வரும் நட்டம் 1.95, ஏலத்தில் பத்து ரூபாய் விழுவதால் வரும் நட்டம் 1.62. வாடிக்கையாளர் ஒருவர் விலகுவதைவிட அதிக சேதத்தை சாக்குமூட்டை செய்ய முடியும்.

அப்படியானால் கையால் நன்றாகப் பறித்தால் போயிற்று என்று சொல்லிவிடலாமா? இரண்டு இலை ஒரு மொட்டாகப் பறித்தால் ஒருவர் நாளுக்கு 20 முதல் 30 கிலோ எடுப்பார். 25 கிலோவை 16.25-ஆல் பெருக்கினால் 406 ரூபாய். இன்றைய கூலிக்கே அது சரியாகப் போய்விடும். உரம், கவாத்து, களை எல்லாம் கைப்பணம். கத்தரியில் இரண்டு மூன்று மடங்கு எடை கிடைக்கிறது. ஆகவே, இந்த விலையில் கத்தரியைப் பிடிப்பது சோம்பேறித்தனத்தால் அல்ல, வேறு வழியில்லாததால். 2023-ல் நீலகிரி விவசாயிகள் கிலோவுக்கு 33.50 ரூபாய் கேட்டுப் போராடியதன் பின்னால் இருப்பது இந்தப் பெருக்கல் கணக்குதான்.

நட்டம் கடைசியில் ஏன் விவசாயி தலையில் விழுகிறது என்பதும் சரக்கின் இயல்பில் இருக்கிறது. சுரங்கக்காரர் தாதுவை மலையிலேயே விட்டுவைக்கலாம், கெடாது. ஏற்றுமதியாளர் தூளைக் கிடங்கில் சில மாதம் நிறுத்தலாம். தொழிற்சாலை ஏலத்தில் விலை படியாத லாட்டைத் திரும்ப எடுத்து அடுத்த வாரம் வைக்கலாம். வட்டி ஏறும், அவ்வளவே. பறித்த இலை அன்று இரவுக்குள் தொட்டிக்குப் போக வேண்டும். பறிக்காமல் விட்டால் செடி உயர்ந்து, மேசைபோல் மட்டமாக வைத்திருந்த அதன் மேற்பரப்பு கலைந்துவிடும். மறுபடி வெட்டிச் சமன் செய்யக் கூலி வேண்டும். விலை பேசக் காத்திருக்கும் உரிமை இந்தச் சங்கிலியில் விவசாயிக்கு மட்டும் இல்லை.

பணம் வரும் பாதை

1998-க்குப் பிறகு நடந்தவற்றைப் பார்த்தால், தேயிலை வணிகத்தில் பெரும்பாலான முறிவுகள் தேயிலையால் வரவில்லை. பணம் செல்லும் பாதை அடைபட்டதால் வந்தன. அமெரிக்கத் தடைகளால் ஈரானுக்கு டாலர் வழி மூடியதும், ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கான தொகையை இந்தியா யூகோ வங்கியில் ரூபாயாகப் போட்டது. அந்த ரூபாயில் ஈரான் தேயிலையும் அரிசியும் வாங்கியது. 2019 மே மாதம் எண்ணெய் வாங்கும் சலுகையை அமெரிக்கா நிறுத்தியது. எண்ணெய் நின்றதும் கணக்கில் புது ரூபாய் சேரவில்லை. இருந்தது கரைந்ததும் தேயிலையும் இறங்கியது. இதில் அதிகம் பட்டது அசாமின் முழு இலைத் தேயிலை. ஆனால் பழைய ரூபாய் வணிகத்தின் அதே எலும்புக்கூடு: வாங்குபவரின் விருப்பத்தால் அல்ல, செலவழிக்க வேண்டிய ரூபாயால் உருவான சந்தை. ரூபாய் தீர்ந்தால் சந்தையும் தீர்ந்தது.

தென்னிந்திய சிடிசியை வாங்கிவந்த பாகிஸ்தான் 2019 ஆகஸ்டில் இந்தியாவோடு வணிகத்தையே நிறுத்திக்கொண்டது. காரணம் காஷ்மீர். அதில் தேயிலைக்கு எந்தப் பங்கும் இல்லை. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்ய வங்கிகள் பல சர்வதேசப் பணப் பரிமாற்ற வலையிலிருந்து வெட்டப்பட்டன, பெரிய கப்பல் நிறுவனங்கள் ரஷ்யத் துறைமுகங்களைத் தவிர்த்தன. அந்த ஜூலையில் ரிசர்வ் வங்கி ரூபாயில் கணக்குத் தீர்க்கும் ஏற்பாட்டை அறிவித்தது. அவசரத்துக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் ரூபாய் குவிந்து கிடப்பதால் வாங்க வரும் வாடிக்கையாளரை இந்த மலை ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறது. அவர் வந்தால் விற்கலாம், விற்க வேண்டும். அவருக்காக ஒரு புது டிரையரோ புதுத் தொழிற்சாலையோ கட்டக்கூடாது.

இலங்கை 2021 இறுதியில் ஈரானுக்குத் தர வேண்டிய 25.1 கோடி டாலர் எண்ணெய்க் கடனை, மாதம் 50 லட்சம் டாலர் மதிப்புள்ள தேயிலை அனுப்பித் தீர்ப்பதாக ஒப்பந்தம் செய்தது. கடனை அடைக்கப் போகும் தேயிலைக்குப் பேரம் பேசும் வாய் கிடையாது.

இன்றைய பெரிய வாடிக்கையாளர்

இந்தியாவில் விளையும் தேயிலையில் ஐந்தில் நான்கு பங்கை இந்தியர்களே குடிக்கிறார்கள். தென்னிந்தியாவில் மட்டும் ஏற்றுமதியின் பங்கு அதிகம், ஐந்தில் இரண்டு பங்கு வாக்கில். மற்றது தமிழ்நாடு, கேரளம், கர்நாடகத்தின் டீக்கடைகளுக்கும் வீடுகளுக்கும் டஸ்ட் ரகமாகப் போகிறது. இது நல்ல செய்திதான். எந்த நாட்டின் கோபமும் டீக்கடையை மூடாது. ஆனால் இந்த உள்நாட்டுச் சந்தைக்காக ஏலத்தில் விலை கேட்பவர்கள் சில பெரிய பொட்டல நிறுவனங்கள். அவர்கள் ஒரு வாரம் ஒதுங்கி நின்றால் விற்காத லாட்டுகள் எண்ணிக்கை ஏறும், அடுத்த வாரத் தொடக்க விலை இறங்கும். பெரிய வாடிக்கையாளர் இல்லாமல் போகவில்லை, முகவரி மாறியிருக்கிறது. தனியார் தொழிற்சாலைகள் உற்பத்தியில் பாதியையாவது ஏலத்தில் விற்க வேண்டும் என்று 2015-ல் வந்த விதி விலையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. வாங்குபவர்களின் எண்ணிக்கையைக் கூட்ட அது போதாது.

தொழிற்சாலை அளவில் முடிந்தது ஒன்று உண்டு: வரும் இலையில் ஒரு சிறு பகுதியைப் பிரித்து வேறு வாடிக்கையாளருக்கான சரக்கு செய்வது. நாளுக்கு பத்தாயிரம் கிலோ இலை வாங்கும் தொழிற்சாலை, இரண்டாயிரம் கிலோவை மட்டும் தனியாக எடுக்கலாம். அதற்கு வேண்டியவை: முந்தைய பறிப்பு முடிந்து எட்டு பத்து நாளுக்கு மேல் ஆகாத தேயிலைக் காடுகளிலிருந்து தனிப் பயணமாக வண்டி, துளையுள்ள நைலான் பை, பைக்கு 15 கிலோவுக்கு மேல் இல்லாமல், ஒரு தொட்டியை அதற்கென்றே ஒதுக்குதல், உருட்டும் இயந்திரம் ஒன்றிரண்டு வைத்து முழு இலைத் தேயிலை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பனிக்காற்றில் வரும் கொழுந்துக்கு இந்த மலையில் இயற்கையாகவே ஒரு மணம் உண்டு. அந்த மூன்று மாதம் மட்டும் செய்தாலும் போதும். நீலகிரி முழு இலைத் தேயிலைக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. அதை வாங்குபவர்கள் ஜெர்மனி, அமெரிக்கா, ஜப்பான் என்று சிதறியிருக்கும் சிறு வணிகர்கள். ஒவ்வொருவரும் எடுப்பது கொஞ்சம்தான். ஒருவர் போனால் மற்றவர் இருப்பார்.

தடங்கல் எங்கே வருகிறது என்றால், பெரும்பாலும் சாலையோரக் கொள்முதல் கூடத்தில். அரை ஏக்கர்காரர் கொண்டுவருவது 40 கிலோ. ஏஜென்ட் ஒரே தராசில், ஒரே விலையில், எல்லார் இலையையும் ஒரே வண்டியில் ஏற்றுகிறார். கையால் பறித்தவர் மூட்டையும் கத்தரியால் வெட்டியவர் மூட்டையும் கலந்துவிட்டால் அதன்பின் எந்த இயந்திரத்தாலும் பிரிக்க முடியாது. தனி விலை வேண்டுமென்றால் தனித் தராசு வேண்டும்: மூட்டையிலிருந்து ஒரு பிடி எடுத்து, நூறு கிராம் எண்ணிப் பிரித்து, இளசு எவ்வளவு, கரடு எவ்வளவு என்று விவசாயியின் கண் முன்னால் எழுதிக் கொடுப்பது. ஒரு மூட்டைக்கு ஐந்து நிமிடம் ஆகும். மாலை நான்கு மணிக்கு அறுபது பேர் வரிசையில் நிற்கும் கூடத்தில் அந்த ஐந்து நிமிடத்துக்கு ஒரு ஆளை வைத்து, அவருக்குச் சம்பளம் கொடுப்பது விவசாயியா, தொழிற்சாலையா, வாரியமா என்பது இன்னும் முடிவாகவில்லை.